ஊசி உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகு: சின்ன ஆஸ்பத்திரி எதில் பணம் போடலாம்?

எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவர் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர், நேத்து செவப்புப் பையைக் கட்டும்போது ஊசி குத்திடுச்சு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

சிவப்புப் பையில் ஊசி இருக்கவே கூடாது. ஊசி கழற்றிய சிரிஞ்ச், டியூப் போன்றவைதான் அதில் போக வேண்டும். ஊசிக்கு வெள்ளை டப்பா தனியாக உண்டு. அது யார் உடம்பில் இருந்த ஊசி, எந்த ஷிஃப்டில் விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தால் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பிக்கு அக்காவுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று நோட்டைப் பார்த்தேன். ஒரு டோஸ்கூட இல்லை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. தொற்றுக் கட்டுப்பாடு என் பொறுப்பு. "சிஸ்டர், இந்த ஊசி விவகாரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கேன். பெரிய தொகை இல்ல. எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் மேஜையில் டீலர் வைத்துவிட்டுப் போன மூன்று சாம்பிள்கள் இருந்தன: ஊசியை எரிக்கும் நீடில் பர்னர், ஒரு முறை போட்டால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச், ஊசி முனையை மூடிக்கொள்ளும் பாதுகாப்புக் கேனுலா (டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்). மூன்றின் அட்டையிலும் "பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு வேலை செய்பவை. அதில் இரண்டு நர்ஸைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டவையே இல்லை.

இதே குழப்பத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகள் நிறைய இருக்கும் என்பதால், நான் எப்படி ஒப்பிட்டேன், எதை முதலில் வைத்தேன் என்று எழுதுகிறேன்.

முதலில் சில எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு அறிக்கை உலகில் 3.5 கோடி சுகாதாரப் பணியாளர்கள் இருப்பதாகவும், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் ஆண்டுதோறும் ஊசி போன்ற கூர்பொருட்களால் குத்துப்பட்டு நோயாளியின் ரத்தத்துக்கு ஆளாவதாகவும் கணக்கிட்டது. அதில் 20 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமியோடும், 9 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சி கிருமியோடும், 1,70,000 பேருக்கு ஹெச்ஐவியோடும் தொடர்பு ஏற்படுகிறது. இப்படித் தொற்று பிடிப்பவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வளரும் நாடுகளில் இருப்பவர்கள். பாதுகாப்புச் சாதனங்களில் பெரும்பகுதி விற்பனையாவதோ வளர்ந்த நாடுகளில்.

ஆனால் உலகக் கணக்கை வைத்துக்கொண்டு நம் வார்டுக்குச் சாமான் வாங்க முடியாது. நம் வார்டில் யாருக்கு, எப்போது குத்துகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் விபத்து ரெஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்குச் சில வரிகள்தான் இருந்தன. நல்ல ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எழுதினால் திட்டு விழும், இரண்டு மணி நேரம் அலைய வேண்டும், "கவனமா இருக்கத் தெரியாதா" என்று கேட்பார்கள். அதனால் யாரும் எழுதுவதில்லை. ரெஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு டீ நேரத்தில் ஒவ்வொருவராகக் கேட்டேன். அப்போதுதான் கதைகள் வந்தன.

ஊசி போட்டு முடித்து மூடியைத் திருப்பி மாட்டும்போது மூடியைத் தவறவிட்டு விரலில் குத்தியது. கேனுலா போட்டுவிட்டு உள்ளே இருந்த ஊசியை மெத்தை மேல் வைத்து, பிளாஸ்டர் ஒட்டித் திரும்பினால் ஊசியைக் காணோம். பெட்ஷீட் மாற்றும்போது இன்னொருவர் கையில் கிடைத்தது. கிட்னி ட்ரேயில் பஞ்சு, காலி ஆம்பூல், ஊசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நர்ஸிங் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே கையால் பிரித்தபோது. நிரம்பி வழிந்த டப்பாவில் அழுத்தித் திணித்தபோது. லேப் பையன் சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை டியூபுக்குள் ஊசியாலேயே குத்தி இறக்கியபோது.

நோயாளிக்கு ஊசி ஏற்றும் அந்த நொடியில் குத்துப்பட்டதாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான், நடுங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஊசி போட்டவர். மற்றது எல்லாமே ஊசி உடம்பைவிட்டு வெளியே வந்ததற்கும் டப்பாவுக்குள் விழுந்ததற்கும் நடுவில் நடந்தது. எங்கள் வார்டில் கட்டிலுக்கும் டப்பாவுக்கும் நடுவே சில இடங்களில் முப்பது அடி இருந்தது. அந்த முப்பது அடியை எந்தப் பொருள் குறைக்கிறது, எது குறைக்கவில்லை என்பதையே நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

நீடில் பர்னர் இந்த அளவுகோலில் உடனே அடிபட்டுப் போகிறது. அதற்குக் கரண்ட் பாயிண்ட் வேண்டும், ஆகவே நர்ஸிங் ஸ்டேஷன் மேஜையில்தான் உட்காரும். ஊசியைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்து போய், துளைக்குள் நுழைத்து, பொறி பறக்க, புகை வர நின்றுகொண்டிருக்க வேண்டும். ஆபத்தான பயணம் முழுவதும் முடிந்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது. எரித்த பிறகும் அடியில் ஒரு குட்டை முனை மிஞ்சும். கம்பியில் கரி படிந்தால் சரியாக எரியாது. நைட் ட்யூட்டியில் கரண்ட் போனால் பத்து சிரிஞ்ச் வரிசையாக ட்ரேயில் காத்திருக்கும். பிறகு ஏன் ஊரெல்லாம் பர்னர் இருக்கிறது என்றால், அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் ஊசியையும் சிரிஞ்சையும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி சிதைக்கச் சொன்னன. குப்பையில் பொறுக்கிக் கழுவி விற்பதைத் தடுக்க அது தேவையாகவும் இருந்தது. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பர்னர் பொதுமக்களைக் காப்பதற்கு வந்த கருவி. நர்ஸைக் காப்பதற்கு வந்ததல்ல.

பர்னருக்குத் தம்பி போன்றது ஹப் கட்டர். கையால் அழுத்தினால் சிரிஞ்சின் பிளாஸ்டிக் கழுத்தோடு ஊசி அறுந்து உள்ளே விழும். கரண்ட் வேண்டாம், புகை இல்லை, தடுப்பூசி முகாம்களில் கிராம சுகாதார நர்ஸ்கள் பல வருடமாகப் பயன்படுத்துகிறார்கள். ஊசி போடும் இடத்திலேயே, பக்கத்து மேஜையில் வைத்துக்கொள்ள முடிகிற முகாமுக்கு அது பொருத்தம். வார்டில் ட்ராலியோடு நகர்ந்தால் சரி. நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்துவிட்டால் அதுவும் பர்னரின் கதைதான்.

மேஜையில் இருந்த இரண்டாவது சாம்பிள், பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு முறை அழுத்தியதும் உள்தண்டு பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் போட்டு நோய் பரப்புவதைத் தடுக்க இதைவிட நல்ல சாமான் இல்லை. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் ஒரே சிரிஞ்சை மறுபடி மறுபடி பயன்படுத்தியதால் ஹெபடைட்டிஸ் பி பரவி ஏராளமானோர் இறந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிக் கொடுமைக்கு இது மருந்து. ஆனால் பூட்டிக்கொண்ட பிறகும் ஊசி முனை அப்படியேதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போட்டவரையும் குத்தும், கூட்டுபவரையும் குத்தும். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பு சிரிஞ்சுக்கு மாறச் சொன்னபோதே இரண்டையும் தனித்தனியாகத்தான் பிரித்துச் சொன்னது: மறுபயன்பாட்டைத் தடுப்பது ஒரு வகை, குத்துக்காயத்தைத் தடுப்பது இன்னொரு வகை. டீலரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போட்டு முடிச்ச பிறகு முனை எங்கே இருக்கும்?" பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் ஆஸ்பத்திரியில் சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை என்பதால், இந்தப் பணத்தில் அதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது, முனை மூடும் கேனுலாவும் அதே இனத்தைச் சேர்ந்த சிரிஞ்சுகளும். இவை உண்மையிலேயே வேலை செய்பவை. இந்த யோசனையின் தொடக்கம் அமெரிக்காவில் ஜானின் ஜாகர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நடந்த 326 குத்துக்காயங்களை எடுத்துக்கொண்டு, யார் கவனமில்லாமல் இருந்தார் என்று கேட்காமல், எந்தச் சாதனம் குத்தியது என்று கேட்டார். ஒரு லட்சம் சாதனங்களுக்கு இத்தனை குத்து என்று கணக்குப் போட்டபோது, சாதாரண சிரிஞ்சுக்கு 6.9; டிரிப் டியூபில் மாட்டும் ஊசிக்கு 36.7. ஐந்து மடங்கு வித்தியாசம். அதே கைகள், அதே நர்ஸ்கள். பயன்படுத்திய பிறகு பிரிக்க வேண்டிய சாதனம்தான் அதிகம் குத்தியது. "கவனமா இருங்க" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டும் மேனேஜர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு எண்ணை அனுப்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

1998-ல் கேரன் டேலி என்ற அமெரிக்க நர்ஸுக்கு, ஊசியை டப்பாவில் போடும்போது விரலில் குத்தி, ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி இரண்டும் தொற்றின. அவர் வெளியே வந்து பேசினார். 2000 நவம்பரில் அமெரிக்கா இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. பாதுகாப்புச் சாதனம் வாங்குவது அங்கே கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அதே வழிக்கு வந்தது. நமக்கு அதுபோல் சாதனத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. ஆகவே இங்கே அது மேனேஜரின் மனசையும் பட்ஜெட்டையும் பொறுத்தது.

விலைதான் இடிக்கிறது. சாதாரண சிரிஞ்ச் சில ரூபாய். முனை மூடுவது அதன் பல மடங்கு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செலவாகும் பொருளில் இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் பெரிய தொகையாகிவிடும். எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்றால் எதை மாற்றுவது? ரத்தம் நிரம்பி வெளியே வரும் குழல் ஊசியை. ஹெச்ஐவி யாருக்குத் தொற்றியது என்று 1997-ல் வெளியான ஆய்வில், ஆழமான குத்து, ஊசியில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், ரத்தக் குழாய்க்குள் இருந்த ஊசி, நோய் முற்றிய நோயாளி ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டியவை. கேனுலாவும் ரத்தம் எடுக்கும் ஊசியும் இந்த வர்க்கம். மருந்தை உறிஞ்சப் பயன்படுத்தும் ஊசிக்கும், டிரிப் பாட்டிலில் மருந்து கலக்கும் ஊசிக்கும் யார் ரத்தமும் படுவதே இல்லை. அவற்றுக்கு விலை உயர்ந்த சாதனம் வீண்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில சாதனங்களில் நர்ஸே உறையைத் தள்ளி மூட வேண்டும்; சிலவற்றில் ஊசி வெளியே வரும்போது தானாக மூடிக்கொள்ளும். 61 பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் தானாக மூடுபவைதான் தெளிவாக ஜெயித்தன. இது ஆச்சரியமில்லை. கேஷுவால்டியில் இரண்டு விபத்துக் கேஸ் ஒன்றாக வந்தால், உறையைத் தள்ள மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

சரி, இப்போது டீலர் கொண்டுவராத பொருட்களுக்கு வருவோம். அவற்றில் கமிஷன் இல்லை என்பதால் யாரும் சாம்பிள் கொண்டுவருவதில்லை.

வெள்ளை டப்பா. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசி, பிளேடு எல்லாம் குத்தினால் துளைபடாத, கசியாத, திறக்க முடியாத வெள்ளை நிற, உள்ளே தெரிகிற டப்பாவில் போக வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. எங்களிடம் வார்டுக்கு ஒன்று இருந்தது, கை கழுவும் தொட்டிக்குக் கீழே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் "டப்பா உண்டா?" என்று கேட்பார், உண்டு, டிக். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் டப்பா இருந்தால் மூடி மாட்டும் பழக்கமே தேவையில்லாமல் போகிறது. மூடியைத் திருப்பி மாட்டாதீர்கள் என்று நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் ஒரு பழைய சிஸ்டர், "மூடாம கையில புடிச்சிட்டு முப்பதடி நடக்கச் சொல்றியா?" என்று கேட்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தூரம் இருக்கிற வரை மூடி மாட்டுவது முட்டாள்தனமாகத் தெரியாது, பாதுகாப்பாகத் தெரியும்.

டப்பா விலை ஒன்றும் பெரிதில்லை. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: அதைக் காலாகாலத்தில் மாற்றும் ஆள். முக்கால் பங்கு நிரம்பியதும் டப்பாவை மூடி, அகற்றிவிட வேண்டும். கழிவு வண்டி வராத நாட்களில் டப்பா தீர்ந்து, நிரம்பியதிலேயே திணிப்பார்கள். அப்போது டப்பாவே ஆபத்து. அதனால் டப்பா வாங்கும்போது மூன்று நாளைக்கு அதிகப்படியாக ஸ்டோரில் இருக்கும்படி வாங்க வேண்டும். வாய் அகலமாக இருக்கக் கூடாது. கைவிட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. தொங்கவிடும் உயரம் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும், வாயைப் பார்த்துப் போட வேண்டும். அண்ணாந்து பார்த்துப் போடும் டப்பா இல்லாமலே இருக்கலாம்.

ட்ராலி சக்கரம் எங்களுக்கு எதிர்பாராத செலவு. பழைய ட்ராலி நகராது, நகர்ந்தால் ஊரே எழுந்துகொள்ளும். அதனால்தான் எல்லோரும் கிட்னி ட்ரே தூக்கினார்கள். நான்கு ட்ராலிக்குச் சக்கரம் மாற்றி, பக்கவாட்டில் டப்பா மாட்ட ஒரு வளையம் வெல்டிங் வைத்துக்கொண்டோம். எந்த அட்டவணையிலும் வராத சாமான். முப்பது அடி இரண்டு அடியானது இதனால்தான்.

அப்புறம் தடுப்பூசி. என் பட்டியலில் இது டப்பாவுக்கும் மேலே, முதலிடத்தில் இருக்கிறது. ஊசி குத்தினால் எல்லோரும் பயப்படுவது ஹெச்ஐவிக்கு. கணக்கைப் பாருங்கள். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைட்டிஸ் சிக்குப் பழைய கணக்கு 1.8 சதவீதம், புதிய ஆய்வுகள் அதைவிடக் குறைவு என்கின்றன. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. இத்தோடு நம் நாட்டில் எத்தனை பேருக்கு எது இருக்கிறது என்பதையும் பெருக்க வேண்டும். இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி நூற்றுக்கு 3 பேரை ஒட்டி. ஹெச்ஐவி, பெரியவர்களில் ஆயிரத்துக்கு 2 பேரை ஒட்டி. தடுப்பூசி போடாத பணியாளர்களுக்கு ஆயிரம் குத்துக்காயம் என்று வைத்துக்கொண்டால், ஹெபடைட்டிஸ் பி 2 முதல் 9 பேருக்குத் தொற்றலாம். அதே கணக்கில் ஹெச்ஐவி ஒருவருக்குத் தொற்ற ஒன்றரை லட்சம் குத்துக்கு மேல் ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிடம் இந்த விகிதங்கள் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான், வரிசை மாறாது. காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அந்த அக்காவின் சிவப்புப் பை விஷயத்தில் என் தூக்கம் போனது அதனால்தான்.

இத்தனைக்கும் மூன்று கிருமியில் தடுப்பூசி இருப்பது ஹெபடைட்டிஸ் பிக்கு மட்டும்தான். அமெரிக்காவில் 1983-ல் ஆண்டுக்கு 10,000 சுகாதாரப் பணியாளர்களுக்கு மேல் ஹெபடைட்டிஸ் பி தொற்றியது. 1991-ல் முதலாளியே இலவசமாகத் தடுப்பூசி தர வேண்டும் என்று விதி வந்தது. 2001-க்குள் எண்ணிக்கை 400-க்கும் கீழே இறங்கிவிட்டது. இங்கே ஒரு காலத்தில் இந்தத் தடுப்பூசி இறக்குமதிச் சரக்கு, சாதாரண ஆஸ்பத்திரிக்கு எட்டாத விலை. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்து விலையை உடைத்தது. இன்று ஒரு ஆளுக்கு மூன்று டோஸும் சேர்த்தால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் இது சேர்ந்தது 2011-ல்தான். ஆகவே இப்போது வேலையில் இருக்கும் நர்ஸ், ஆயா, ஹவுஸ் கீப்பிங் ஆட்கள் பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் போட்டிருக்க வாய்ப்பில்லை. 2016 விதிகளும் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதை ஆஸ்பத்திரியின் கடமை என்றே சொல்கின்றன. எல்லோருக்கும் என்றால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும்தான். "அவங்க மூணு மாசத்துல போயிடுவாங்க சிஸ்டர்" என்றார் மேனேஜர். கிருமி மூன்று மாதம் காத்திருக்காது என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

இதில் பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். அளவு 10-க்கு மேல் இருந்தால் போதும். பிறகு எத்தனை குத்துப்பட்டாலும் ஹெபடைட்டிஸ் பிக்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நூற்றில் ஐந்து பத்துப் பேருக்கு வராது, நாற்பது வயது தாண்டினால் அதற்கும் மேல். சோதிக்காவிட்டால் யாருக்கு வரவில்லை என்று தெரியாது. தெரியாதவருக்குக் குத்துப்பட்டால் இம்யூனோகுளோபுலின், அதாவது வெளியிலிருந்து தயாராகக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி, போட வேண்டிவரும். அதன் விலை ஆயிரக்கணக்கில். ஒருவருக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் காசில் பல பேருக்குத் தடுப்பூசியும் சோதனையும் முடித்துவிடலாம்.

குத்துப்பட்ட பிறகு செய்வதற்கான ஏற்பாட்டுக்குப் பணம் அதிகம் வேண்டாம்; கடிகாரம்தான் வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றக் கூடாது. ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். 1997 ஆய்வில் ஜிடோவுடின் என்ற ஒரே மருந்துகூட ஆபத்தை 81 சதவீதம் குறைத்தது. இப்போதைய மூன்று மருந்துக் கலவையில் பக்கவிளைவும் குறைவு. 2017-ஆம் ஆண்டு ஹெச்ஐவி சட்டம் இதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பணியாளர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. நாங்கள் செய்தது, ஹெச்ஐவிக்கு மருந்து தரும் பக்கத்து அரசு ஏஆர்டி மையத்தில் முன்கூட்டியே பேசிவைத்து, முதல் சில நாளைக்கான மாத்திரையைக் கேஷுவால்டி அலமாரியில் வைத்துக்கொண்டது. நடு இரவில் குத்துப்பட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பு மாத்திரை கிடையாது. ஆனால் இன்று அது பிடித்தாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிற நோய். கண்டுபிடித்தால்தான் குணப்படுத்த முடியும், கண்டுபிடிக்க ரெஜிஸ்டரில் எழுதியிருக்க வேண்டும். ரெஜிஸ்டரில் "காரணம்" என்ற கட்டத்தில் "கவனக்குறைவு" என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, "எந்தச் சாதனம், எந்த இடம்" என்று மாற்றினோம். அதற்குச் செலவு ஒரு பேனா.

கையுறையைப் பற்றிக் கேட்பார்கள். கையுறை ஊசியைத் தடுக்காது. துளைத்துப் போகும்போது வெளியே ஒட்டியிருக்கும் ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும், அவ்வளவுதான். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஊசிக்காயத்துக்கான பட்ஜெட்டில் அதைச் சேர்த்துக் கணக்குக் காட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, பணமே தேவைப்படாதது, எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது: ஊசியைக் குறைப்பது. இருபது வருடத்துக்கு முன் இந்தியா முழுக்க நடந்த ஆய்வில் நாட்டில் ஆண்டுக்கு 300 கோடி ஊசி போடப்படுவதாகவும் அதில் 63 சதவீதம் பாதுகாப்பில்லாதவை என்றும் தெரிந்தது. போடாத ஊசி யாரையும் குத்தாது. ஆனால் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பவரிடம் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அவர் பஸ் ஏறி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். டாக்டருக்கு அது தெரியும். வெளிநோயாளிப் பிரிவில் என் பேச்சு எடுபடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வார்டில் கொஞ்சம் நடந்தது: வாயால் சாப்பிட முடிகிறவருக்கு நரம்பு வழி பாராசிட்டமால் நின்றது, காய்ச்சல் இறங்கியவருக்கு ஆன்டிபயாட்டிக்கை மாத்திரைக்கு மாற்றலாமா என்று ரவுண்ட்ஸில் கேட்கும் பழக்கம் வந்தது, காலையில் மூன்று தடவை எடுத்த ரத்தத்தை ஒரே தடவையில் எடுக்க லேபோடு பேசினோம்.

ஆக, மேனேஜரிடம் நான் கொடுத்த தாளில் வரிசை இப்படி இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட அத்தனை பேருக்கும் தடுப்பூசியும் அதன் பிறகான சோதனையும். ட்ராலிக்கு ட்ராலி, கேஷுவால்டியில் கட்டிலுக்குக் கட்டில் வெள்ளை டப்பா. லேபுக்கு சிரிஞ்சில் எடுத்து ஊற்றுவதற்குப் பதில் நேராக டியூபில் ரத்தம் இறங்கும் வேக்கம் டியூப். மிச்சமிருக்கும் பணத்தில் தானாக மூடும் கேனுலா, கேஷுவால்டிக்கும் டயாலிசிஸுக்கும் மட்டும். பர்னர் வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு இது அப்படியே பொருந்தாமல் இருக்கலாம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் இருக்கும் கிளினிக்கில் மேஜை மேல் ஒரு டப்பாவும் இரண்டு பேருக்குத் தடுப்பூசியும் போதும், ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். ஹவுஸ் சர்ஜன்களும் மாணவிகளும் கூட்டமாக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நான் பாதுகாப்புக் கேனுலாவை இரண்டாம் இடத்துக்கே கொண்டுவருவேன். புதுக் கை அதிகம் இருக்கும் இடத்தில் சாதனம்தான் காப்பாற்ற வேண்டும், பழக்கம் வர நாளாகும். ஏற்கெனவே எல்லோருக்கும் தடுப்பூசி போட்டுச் சோதித்தும் முடித்த ஆஸ்பத்திரி என்றால் பணம் முழுவதும் சாதனத்துக்குப் போகட்டும்.

அந்த அக்காவுக்கு மறுநாளே இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியின் முதல் டோஸும் போட்டோம். டாக்டர் ஏஆர்டி மையத்தில் பேசி மாத்திரையும் தொடங்கினார். ஆறு மாதப் பரிசோதனையில் மூன்று கிருமியும் இல்லை. மூன்றாவது டோஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தியைப் பார்த்தோம். 10-ஐத் தொடவில்லை. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இரண்டாவது சுற்றின் முதல் டோஸைப் போன திங்கட்கிழமை போட்டிருக்கிறோம்.